காக்கா விழுங்கிய நட்சத்திரம்

குழந்தைகள் இல்லத்து வேன் தெருமுனையில் திரும்பும் முன்பே அதன் சத்தம் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து சேர்ந்துவிடும். நாய் குறுக்கே வந்தால் ஒரு ஹாரன். வராமல் ஓரமாகப் படுத்திருந்தால் அதைப் பாராட்டி இன்னொரு ஹாரன். அதனால் வேனை ஓட்டியவருக்கு ஹாரன் மாமா என்றே பெயர் ஆகிவிட்டது. ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருடமாக அதே இல்லத்துக்கு ஓட்டுகிறார். இது மூன்றாவது வேன். பதினெட்டு வயது வரை அந்த இல்லத்திலேயே வளர்ந்தவர். கைக்குழந்தையாக யாரோ கொண்டுவந்து விட்டுப் போனதாகப் பழைய பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது. யார், எவர் என்று அடுத்த வரி இல்லை.

இருபத்திரண்டு பிள்ளைகளை இருபது நிமிடம் இருக்கையில் உட்காரவைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை கதை. மழைக்காலத்தில் தவளைக் கதை, பரீட்சை நேரத்தில் திருடன் கதை. டிசம்பர் பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸ் கதைதான். கியர் மாற்றும்போது கதையிலும் ஒரு திருப்பம் வரும். வேன் பள்ளிக்கூட வாசலில் நிற்கும்போது கதை சரியாக மலை விளிம்பில் தொங்கிக்கொண்டு நிற்கும். மீதி மறுநாள்.

அந்த வருடக் கதையில் ஒரு சிறுமி. அம்மா இல்லை, அப்பா இல்லை, காலுக்குச் செருப்பும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மலை மாதிரி ஒரு காக்கா வந்து வானத்து நட்சத்திரத்தைக் கடலைமிட்டாய் மாதிரி விழுங்கிவிடுகிறது. ஊரே இருட்டு. வழி காட்ட நட்சத்திரம் இல்லாமல் கிறிஸ்துமஸ் தாத்தா எப்படி வருவார்? ஊர்ப் பெரிய மனிதர்கள் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே தூங்கிவிடுகிறார்கள். செருப்பில்லாத சிறுமிதான், "நான் போய்க் கேட்டுட்டு வரேன்" என்று எழுந்திருக்கிறாள். பிள்ளைகள் தங்கள் பள்ளிக்கூட பெல்ட்டுகளை எல்லாம் ஒன்றோடொன்று முடிந்து ஏணி செய்துகொடுக்கிறார்கள்.

"மாமா, அதுல என் பெல்ட் இருக்கா?"

"உன்னோடதுதான்டா முதல் படி."

"என்னோடது?"

"உன் பெல்ட்டுக்குக் கொக்கி இல்லையே, முதல்ல அதை மாட்டு."

இந்தக் கதையில் குறுக்கே பேச ஒரு ஆள் உண்டு. டிரைவர் இருக்கைக்கு நேர் பின்னால் உட்காரும் பன்னிரண்டு வயதுப் பெண். எதற்கெடுத்தாலும் நியாயம் கேட்பதால் இல்லத்தில் அவளை வக்கீல் என்றே கூப்பிடுவார்கள். அவள் மடியில் எப்போதும் அவள் தம்பி. நான்கு வயது, உருண்டை முகம், செல்லப்பெயர் பட்டாணி. இரண்டு பேரும் மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரே நாளில் இல்லத்துக்கு வந்தவர்கள். அன்றைக்கு அவர்களை அழைத்துவந்ததும் ஹாரன் மாமாதான். கைக்குழந்தையை வாங்கிக்கொள்ள ஆயாம்மா கையை நீட்டியபோது, ஒன்பது வயது வக்கீல், "முதல்ல கை கழுவிட்டு வாங்க" என்றாளாம்.

அந்த டிசம்பரில் ஒரு காலை, கதையில் சிறுமி ஏணியில் ஏறி மேகத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். காக்கா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நட்சத்திரத்தைத் தரேன். ஆனா சும்மா தரமாட்டேன். உன்கிட்ட இருக்கிறதுல ஒண்ணை எனக்குக் கொடு" என்றது.

"மாமா, ஆட்சேபணை!" என்றாள் வக்கீல்.

"ஆரம்பிச்சிட்டாடா."

"அவகிட்ட செருப்புகூட இல்லைன்னு திங்கக்கிழமையே சொல்லிட்டீங்க. ஒண்ணுமே இல்லாதவகிட்ட எதைக் கேக்கும்? காக்காவுக்கு மூளை இல்லையா?"

வேன் முழுக்கச் சிரித்தது. ஹாரன் மாமா மடக்கப்பட்டார். தப்பிக்க வழி தேடிக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் அக்கா தோளில் வாயைத் திறந்து தூங்குகிற பட்டாணி தெரிந்தான்.

"யார் சொன்னா ஒண்ணும் இல்லைன்னு? அவளுக்கு ஒரு தம்பி இருக்கானே. 'அவனைக் கொடு'ன்னு கேட்டுச்சு காக்கா."

வேன் சட்டென்று அடங்கிவிட்டது. வக்கீல் தூங்குகிற தம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஹாரன் மாமா தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு, பள்ளிக்கூட வாசலில் நீளமாக ஒரு ஹாரன் அடித்து இறக்கிவிட்டார்.

இல்லத்துக்குத் திரும்பியதும் பெரியம்மா கூப்பிட்டார். இல்லத்தை நடத்துகிறவர் அவர். பிள்ளைகள் முதல் பால்காரர் வரை எல்லோருக்கும் பெரியம்மாதான்.

"இருபத்திமூணாம் தேதி காலையில வண்டி வேணும். தத்துக் கொடுக்கிற ஆபீஸுக்கு. மூணு மணி நேரம் ஆகும், டயர் எல்லாம் பாத்துக்கோ."

"யாருக்கும்மா இடம் கிடைச்சிருக்கு?"

"பட்டாணிக்கு. நல்ல ஜோடி. அந்தம்மா டீச்சர். ஒன்பது வருஷமாக் காத்துக்கிட்டு இருக்காங்க."

ஹாரன் மாமா சிரித்தார். பிறகுதான் அந்தப் பதிலில் ஒரு பெயர் குறைவது உறைத்தது.

"வக்கீல்?"

பெரியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் கொடுக்கணும்னு ரெண்டரை வருஷம் பிடிவாதமா இருந்தேன்பா. பன்னெண்டு வயசுப் பொண்ணுன்னு சொன்னதும் அந்தப் பக்கம் பேச்சு நின்னுடும். இப்ப இவனுக்கும் நாலு வயசாச்சு. இதுக்கு மேல இவனையும் யாரும் கேக்கமாட்டாங்க. ரெண்டு பேரும் இங்கேயே கெடக்கட்டும்னு சொல்றியா? சொல்லு, நீ சொன்னா நான் கேக்கறேன்."

அந்த இல்லத்தில் பதினெட்டு வருடம் யாராவது வருவார்கள் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு பிள்ளைக்குக் கதவு திறக்கும்போது திறக்காதே என்று எந்த வாயால் சொல்வார்? வெளியே வந்து வேனின் நான்கு டயரையும் காலால் உதைத்துப் பார்த்தார். காற்று சரியாகத்தான் இருந்தது.

வீட்டில் மனைவி ஆயத்த ஆடை ஆலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். பொத்தான் வைக்கும் பிரிவில் வேலை. விரல் நுனி எல்லாம் தோல் தடித்துப் போயிருக்கும். அவர் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை கழற்றிய செருப்பைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"நாம கேப்போம்" என்றாள்.

"என்னத்தை?"

"ரெண்டு பேரையும்தான். அந்தப் பொண்ணு வாய்க்கு உங்களால பதில் சொல்ல முடியாது. நான் சொல்லிக்கிறேன்."

மறுநாள் இரண்டு பேரும் போய்க் கேட்டார்கள். பெரியம்மா முகம் ஒரு கணம் மலர்ந்தது. ஒரு காகிதத்தில் ஐம்பத்தெட்டு என்று எழுதினார், கீழே ஐம்பத்துநாலு என்று எழுதினார், கூட்டினார். கூட்டிய எண்ணைப் பேனாவால் வட்டமிட்டு அவர்கள் பக்கம் திருப்பிவைத்தார். புருஷன் பெண்டாட்டி வயதைச் சேர்த்துப் பார்த்து இத்தனைக்குமேல் போனால் கொடுக்கக்கூடாது என்று சட்டம். இரண்டு மூன்று வயது கூடுதல் என்றால் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். இது மிக அதிகம்.

"வயசு வேணா ஆயிருக்கலாம்மா. ரெண்டு பேருக்கும் சர்க்கரைகூட இல்ல" என்றாள் மனைவி, காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவதுபோல.

"எனக்குத் தெரியாதாம்மா உங்களைப் பத்தி? என் கையில இருந்தா இப்பவே கூட்டிட்டுப் போன்னு சொல்லிடுவேன்."

வீட்டுக்குத் திரும்பி வரும்போது மனைவி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "இருபது வருஷம் முன்னாடி நான் கேட்டேன்."

கேட்டாள்தான். தங்களுக்குப் பிள்ளை இல்லை என்று தெரிந்த காலத்தில், இல்லத்திலிருந்து ஒன்றை எடுத்து வளர்க்கலாம் என்று அவள் எத்தனையோ தடவை சொன்னாள். பார்ப்போம் பார்ப்போம் என்று அவர்தான் தள்ளிப்போட்டார். அப்பா என்றால் காலையில் எழுந்து என்ன செய்வான், பிள்ளை பொய் சொன்னால் எப்படித் திட்டுவான், எதையும் அவர் பார்த்ததில்லை. பார்க்காத வேலையை எப்படிச் செய்வது என்ற பயம். அந்தப் பயத்தை அவளிடம்கூட அவர் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

வேனில் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. "மாமா, தம்பியைக் கொடுத்தாளா இல்லையா?" என்று ஏறும்போதே கேட்டார்கள். முதல் நாள், காக்கா தூங்கிவிட்டது என்றார். இரண்டாம் நாள், காக்காவுக்கு ஜலதோஷம். மூன்றாம் நாள் வக்கீல் எதுவும் கேட்கவில்லை. முந்தைய மாலைதான் பெரியம்மா அவளைத் தனியாக உட்காரவைத்து விஷயத்தைச் சொல்லியிருந்தார். எல்லோரும் இறங்கிய பிறகு அவள் மட்டும் படியில் நின்றாள்.

"மாமா, அவ கொடுக்கமாட்டேன்னு சொல்லிட்டான்னு கதையை முடிச்சிடுங்க."

"முடிச்சிடறேன்டா கண்ணு."

"நிஜமா?"

"நிஜமா."

அன்று முழுக்க யோசித்தார். கொடுக்கமாட்டேன் என்றால் நட்சத்திரம் வராது. நட்சத்திரம் வராவிட்டால் ஊர் இருட்டிலேயே கிடக்கும். தம்பியும் வேண்டும், நட்சத்திரமும் வேண்டும் என்றால் கதை கியர் விழாத வண்டி மாதிரி நின்ற இடத்திலேயே உறுமியது. காக்காவைக் கொன்றுவிடலாமா என்றுகூட நினைத்தார். ஒன்பது வருடம் காத்திருந்த டீச்சரம்மா ஞாபகத்துக்கு வந்தார். மறுநாள், "கதைக்கு லீவு, எல்லாரும் பாட்டுப் பாடுங்க" என்று சொல்லிவிட்டார். வக்கீல் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவர் கண்ணாடியைக் கொஞ்சம் மேலே திருப்பிவிட்டார்.

இருபத்திரண்டாம் தேதி இல்லத்தில் கிறிஸ்துமஸ் விழா. வருடா வருடம் தாத்தா வேஷம் போடுவதும் ஹாரன் மாமாதான். மனைவி தைத்துக்கொடுத்த சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி, வயிற்றில் ஒரு தலையணை. குரல் தெரிந்துவிடும் என்பதால் தாத்தா பேசமாட்டார். தலையை மட்டும் ஆட்டுவார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து காதில் ஆசையைச் சொல்லிவிட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். பெரிய பிள்ளைகளுக்கு உள்ளே இருப்பது யார் என்று தெரியும். சிறுசுகளுக்காக அவர்களும் தெரியாததுபோல் நடிப்பார்கள்.

பட்டாணி வந்து, "தாத்தா, எனக்கு ஹாலன் வேணும்" என்றான். அவனுக்கு 'ர' வராது. தாத்தா தலையாட்டினார்.

அடுத்து வக்கீல். அவள் கேட்கப்போவதை நினைத்து, வரிசையில் அவளைப் பார்த்ததிலிருந்தே அவருக்குத் தாடிக்குள் வியர்த்துக்கொண்டிருந்தது. 'தம்பியை அனுப்பாதீங்க' என்று கேட்டால் தலையை எந்தப் பக்கம் ஆட்டுவது? மேலும் கீழும் ஆட்டினால் பொய். பக்கவாட்டில் ஆட்டுகிற தாத்தாவை எந்த ஊரிலும் யாரும் பார்த்ததில்லை.

அவள் அதைக் கேட்கவில்லை. பாவாடைப் பையிலிருந்து நான்காக மடித்த நோட்டுத் தாளை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இதை அவனைக் கூட்டிட்டுப் போறவங்ககிட்ட கொடுத்துடுங்க மாமா" என்று காதோடு சொன்னாள். தாத்தா என்று நடிக்கக்கூட இல்லை. "நான் கொடுத்தா அழுதுடுவேன். பாத்தா அவங்க பயந்துடுவாங்க."

தாத்தா தலையாட்டினார். அடுத்த பிள்ளை வந்து நின்றும் சற்று நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை வேன் வாசலில் நின்றது. உடன்பிறந்தவர்களைப் பிரிக்கிற நாளில் மற்றவரை வண்டியில் ஏற்றக்கூடாது என்பது அந்த ஆபீஸின் விதி. வழியில் அழுது பிள்ளையைக் கலவரப்படுத்துவார்களாம். வக்கீல் அதற்கும் நியாயம் கேட்டுப் பார்த்தாள். "நான் அழமாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றாள். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குமேல் அவள் வாதாடவில்லை. தம்பிக்குத் தலை வாரினாள். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, பிறகு மேல் பொத்தானை மட்டும் கழற்றிவிட்டாள்.

"அக்கா, நீ?"

"எனக்கு ஸ்கூல் இருக்குடா."

"லீவுதானே?"

"ஸ்பெஷல் கிளாஸ். நீ முன்னாடி சீட்ல உக்காந்துக்கோ. இன்னைக்கு மாமா உன்னையே ஹாரன் அடிக்கச் சொல்வார். இல்ல மாமா?"

"ஆமாடா ராஜா. இன்னைக்கு நீதான்."

அவன் சந்தோஷத்தில் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடி ஏறினான். கேட்டைத் தாண்டும்போது ஹாரன் மாமா கண்ணாடியில் பார்த்தார். அவள் கை ஆட்டவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை ஹாலில் நிற்பவள்போல நேராக நின்றாள்.

மூன்று மணி நேரமும் பட்டாணி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். மாட்டுக்கு அடித்தான், மரத்துக்கு அடித்தான், காலிச் சாலைக்கு அடித்தான். பின்னால் உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருமுறைகூட நிறுத்தச் சொல்லவில்லை. பாதி வழியில் டீசல் போட நின்றபோது ஹாரன் மாமா கழிப்பறைப் பக்கம் போய் அந்தத் தாளைப் பிரித்துப் படித்தார். படித்திருக்கக்கூடாது என்று பிறகு பலமுறை நினைத்தார். பதினொரு வரி, எண் போட்டு எழுதியிருந்தாள்.

பால் ஆறினால்தான் குடிப்பான். இடது காதில் தண்ணீர் போகக்கூடாது. இருட்டுக்குப் பயமில்லை, கதவைச் சாத்தினால்தான் பயம். 'ர' வராததற்குக் கேலி செய்தால் இரண்டு நாள் பேசமாட்டான். நிஜப் பெயரைச் சொன்னால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைப்பான், பட்டாணி என்றால்தான் திரும்புவான். இப்படியே போய், பதினொன்றாவது: 'அக்கா எங்கே என்று கேட்டால் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்று சொல்லுங்கள். கொஞ்ச நாள் போனால் கேட்கமாட்டான்.'

ஆபீஸில் காத்திருந்த டீச்சரம்மா நல்ல மனுஷி. அதுதான் அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. ஏதாவது ஒரு குறை கண்ணில் பட்டிருந்தால் கோபமாவது பட்டிருக்கலாம். அந்தம்மா தரையில் மண்டியிட்டுப் பட்டாணியின் உயரத்துக்கு வந்து பேசினார். தாளை வாங்கி நின்றபடியே படித்தார். ஐந்தாறு வரி தாண்டியதும் வாயைப் பொத்திக்கொண்டார். கணவர் வாங்கிப் படித்துவிட்டு, "எங்க வீடு ரெண்டு ரூம்தான்..." என்று தொடங்கி, யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நிறுத்திக்கொண்டார்.

புறப்படும்போது பட்டாணி, "மாமா, சாயந்தலம் வந்து கூட்டிட்டுப் போவியா?" என்று கேட்டான்.

ஹாரன் மாமா வேன் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார். "வண்டியில டீசல் இல்லடா" என்றார். நான்கு வயதுப் பிள்ளைக்கு அது போதுமானதாக இருந்தது. "போட்டுட்டு வா" என்றான்.

திரும்பி வரும் வழியில் அவர் ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் காலையில் பிள்ளைகளைத் தேவாலயத்துக்கு அழைத்துப் போனார். புதுச் சட்டை வாசனையும் ரிப்பனுமாக வேன் நிறைந்திருந்தது. வக்கீல் அதே இருக்கையில்தான் உட்கார்ந்தாள். மடியில் எதுவும் இல்லாததால் கைகளை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் சிறுசுகள் தொடங்கிவிட்டன. "மாமா, கிறிஸ்துமஸே வந்திருச்சு. கதையை முடிங்க."

அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்த வேன் இருபதானது.

"நான் சொல்றேன்" என்றாள் வக்கீல்.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"அவ கொடுத்துட்டா. காக்கா நட்சத்திரத்தைத் துப்பிடுச்சு. ஊருக்கெல்லாம் வெளிச்சம் வந்துச்சு, தாத்தா வந்தார், எல்லாருக்கும் பொட்டலம் கொடுத்தார்."

"தம்பி?"

"தம்பி காக்கா வீட்டுல இருக்கான். அந்தக் காக்கா கெட்டது இல்ல. அதுக்குக் குஞ்சு இல்ல, அதான் கேட்டுச்சு. நல்லா பாத்துக்குது."

"அப்புறம் அவ போய்க் கூட்டிட்டு வந்தாளா?"

"ஏணியை அவுத்துட்டாங்க. எல்லாருக்கும் ஸ்கூலுக்கு பெல்ட் வேணுமில்ல?"

"இது என்ன கதை? நல்லாவே இல்ல" என்றது ஒரு சிறுசு.

"ஆமா, நல்லா இல்லதான்" என்றாள் அவள். பிறகு ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஹாரன் மாமா வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜின் சூடாகிவிட்டது என்று சொல்லி இறங்கி, முன்பக்க மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு அதன் மறைவில் ஐந்து நிமிடம் நின்றார்.

மார்ச்சில் ஒரு புகைப்படம் வந்தது. பட்டாணி மூன்று சக்கர சைக்கிளில் உட்கார்ந்து சிரித்தான். காட்டலாம், கையில் கொடுக்கக்கூடாது என்பதால் பெரியம்மா தன் அறையிலேயே வைத்துக் காட்டினார். வக்கீல் நெடுநேரம் பார்த்துவிட்டு, "முடி கண்ணுல விழுது" என்று மட்டும் சொன்னாளாம். அதன்பிறகு அந்தக் குடும்பம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டதாகக் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போக இல்லத்தில் அனுமதி உண்டு. காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை. மனைவிதான் போய்க் கையெழுத்துப் போட்டு வக்கீலை வீட்டுக்குக் கூட்டி வர ஆரம்பித்தாள். முதல் இரண்டு வாரம் அவள் விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வாரம், பொத்தான் தைத்தபிறகு நூலை முடிபோடுவது எப்படி என்று மனைவியோடு சண்டை பிடித்தாள். ஹாரன் மாமா வாசலில் உட்கார்ந்து அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அவரை நியாயம் சொல்லக் கூப்பிட்டார்கள்; அவர் காது கேட்காததுபோல் இருந்துவிட்டார்.

ஐந்தே முக்காலுக்கு அவளைக் கொண்டுபோய் விட வேண்டும். வீட்டிலிருந்து இல்லத்துக்கு வேனில் நேர்வழியில் எட்டு நிமிடம். அவர் நேர்வழியில் போகமாட்டார். ரயில்வே கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். மாலை ரயில் ஒன்று அந்த நேரத்துக்கு வரும்; கேட் மூடியிருந்தால் பத்து நிமிடமாவது நிற்கலாம். ரயிலுக்காக நின்றோம் என்றால் பெரியம்மாவும் எதுவும் சொல்லமாட்டார்.

"சுத்து வழி மாமா இது" என்றாள் ஒரு நாள் வக்கீல்.

"தெரியும்."

அவள் மேற்கொண்டு ஆட்சேபணை எழுப்பவில்லை. தூரத்தில் கேட் தெரிந்ததும் இரண்டு பேருமே இருக்கையில் சற்று முன்னால் நகர்ந்து பார்த்தார்கள். அன்றைக்கு ரயில் முன்னாலேயே போய்விட்டிருந்தது. கேட் திறந்தே கிடந்தது.